மாமன் போட்ட சங்கிலி

மகளுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்ததும் புதுச்சத்திரத்தில் எங்கள் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். அரசாங்கத்துப் படிப்பு, செலவிருக்காது என்ற நினைப்பு. புத்திகெட்டவள் நான்! சான்றிதழ் சரிபார்க்கப் போன இடத்தில்தான் அது சுயநிதிப் பிரிவு என்றார்கள். அதே கட்டடம், அதே வாத்தியார். கட்டணம் மட்டும் தனியார் கல்லூரியைத் தூக்கிச் சாப்பிடுகிறது. போதாததற்கு வளர்ச்சி நிதியாம். கழிப்பறைக்குக் கதவு போட வக்கில்லை, என்னத்தை வளர்க்கிறார்களோ! நானும் கணவரும் மாசச் சம்பளக்காரர்கள். உதவித்தொகை கேட்டால் வசதியானவர்கள் என்று விரட்டினார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும். ஜேடர்பாளையத்தில் தென்னையும் கரும்புமாக வாழும் என் அண்ணனிடம் போனேன்.

"ஏனுங்ண்ணா, இவ கல்யாணத்துக்கு நீங்க செய்யற சீருல கொஞ்சத்த இப்பவே குடுங்க. ஃபீஸ் கட்டிக்கறேன்."

"அம்மிணி, கல்யாணம்னு சொல்லு, உன்ற ஊட்டு வாசல்ல லாரியோட சீரு எறக்கறேன். படிக்கறதுக்குப் போயி சீரு கேக்கறயே, நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

நாலு பேராம்! மகள் பெரியமனுஷியான சீருக்கு மண்டபம் பிடித்து, மேடையில் சங்கிலியைப் போட்டுவிட்டு கேமராவைப் பார்த்து இளித்ததும் அந்த நாலு பேருக்காகத்தான். கொடுத்த மோரைக்கூடத் தொடாமல் வந்துவிட்டேன்.

அந்தச் சங்கிலியை மறுநாளே செவ்வாய்ப்பேட்டையில் விற்றுக் கட்டணத்தைக் கட்டினேன். "மாமா கேட்டா என்னம்மா சொல்றது?" என்று மகள் அழுதாள்.

"படிக்கறேன்னு சொல்லு."

தை மாதம் உறவில் ஒரு கல்யாணம். மகள் வகுப்பிலிருந்து நேராக வந்தாள். பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி அண்ணன் கேட்டார். "சாமி, மாமன் போட்ட சங்கிலி எங்க?"

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இதானுங்க மாமா."

பந்தியே சிரித்தது. அவர் பயந்த அதே நாலு பேர்தான். அண்ணன் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டார். எனக்கு வயிறு குளிர்ந்துபோனது.

அந்தக் குளிர்ச்சியும் நிலைக்கவில்லை. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள், வளர்ச்சி நிதியையும் சேர்த்து. வெட்கங்கெட்டவர்கள். பீரோவில் மாமன் போட்ட வளையல் ஒரு ஜோடி இருக்கிறது. அது பத்தாது, என் தாலிக்கொடியும் சேர வேண்டும். அடுத்த விசேஷத்தில் அண்ணன் என் கழுத்தைப் பார்த்துக் கேட்டால், நானும் அவளுடைய அட்டையைத்தான் காட்ட வேண்டும்.