ஊறுகாய்க் கிண்ணத்தில் யுரேனியம்

அந்தக் கண்ணாடிக் கிண்ணம் எனக்குச் சீதனமாக வந்தது. சீமைக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டுச் சாமான் ஏலத்தில் என் அப்பா எடுத்தது, மூடியும் உண்டு. மஞ்சளா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். வெயில் பட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கும்மிடிப்பூண்டியில் தனிக்குடித்தனம் வந்ததும் எலுமிச்சை ஊறுகாயை அதில்தான் வைத்தேன். மசக்கையில் சோற்றைவிட அதுதான் எனக்கு அதிகம் இறங்கியது.

என் வீட்டுக்காரருக்கு இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் சோதனை வேலை. வார்த்த இரும்பில் ஒரு மருந்தைத் தடவித் துடைத்து, இருட்டறையில் ஊதா விளக்கைப் பிடிப்பார்கள். விரிசல் இருந்தால் அங்கே மட்டும் பச்சையாக ஒளிரும். அந்த உருப்படியைக் கழித்துவிடுவார்கள்; இல்லாவிட்டால் 'பாஸ்' என்று முத்திரை விழும். ஒருநாள் சோம்பல்பட்டுச் சாப்பாட்டுப் பையை அந்த அறையிலேயே பிரித்திருக்கிறார். ஊறுகாயோடு நான் வைத்தனுப்பிய கிண்ணம் முழுக்கப் பச்சையாக எரிந்ததாம்.

சாயங்காலம் முகம் வெளுத்து வந்தார்.

"யுரேனியமாம்மே! அணுகுண்டுல போடறதாம்! கம்பெனி கெமிஸ்ட் சொன்னாரு. ஏரில வீசிட்டு வந்துடறேன்."

"எங்கப்பா குடுத்ததுமேல கைய வெச்சுப் பாரு. நாளைக்கு நானே வந்து அவரக் கேக்கறேன்," என்றேன். எனக்குப் பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வயிற்றில் ஐந்து மாதம். ஆனால் அரைகுறையாகக் கேட்டுப் பதறுவது என் வழக்கமில்லை.

மறுநாள் தொழிற்சாலை கேட்டில் நின்று கேட்டேன். நிறத்துக்காகக் கண்ணாடியில் துளி யுரேனியம் சேர்ப்பார்களாம். அலமாரியில் வைத்துப் பார்ப்பதால் கெடுதல் இல்லையாம்.

"சாப்பாடு மட்டும் வேணாம்மா. புளிப்பு வெச்சா அது கொஞ்சமா கரைஞ்சு எறங்கும். ஒடைஞ்சா தூளு மூக்குல போகாம பாத்துக்கோங்க. இதுவரைக்கும் சாப்பிட்டதுக்குப் பயப்படாதீங்க," என்றார் கெமிஸ்ட்.

ஊறுகாய் குப்பைக்குப் போனது, கிண்ணம் அலமாரிக்கு வந்தது. தினமும் துடைத்து அழகு பார்த்தேன். என்னைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

அவருக்கு முடியவில்லை. பெண் பிறந்த அன்று பட்டப்பகலில் ஆஸ்பத்திரி ஜன்னலைச் சாத்தினார். குழந்தையை மடியில் வைத்து, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீறே?"

"பச்சையா எங்கனா தெரியுதான்னு பாக்கறேன்."

ஊதா விளக்கு இல்லாமல் அந்தக் கிண்ணமே ஒளிராது. நாள் முழுக்க அந்த விளக்கோடு இருக்கிற மனுஷனுக்கு அதுகூட மறந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போர்வைக்குள்ளிருந்து அழுகை கேட்டது. குழந்தையுடையது இல்லை.

"எங்கியும் தெரியலமே. ஒரு விரிசல்கூட இல்ல. பாஸு!"