வெயிலில் வைத்த மானிட்டர்

நேற்று கூரியரில் ஒரு செருப்பு வந்தது. என் மனைவி போனில் பார்த்து வாங்கியது. படத்தில் டேன், வெளிர் பழுப்பு நிறம். கைக்கு வந்தது செங்கல் நிறம். "இன்னா இது, கலரே மாறிக்கீது?" என்றாள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தான், ஸ்க்ரீனுக்கு ஸ்க்ரீன் நிறம் மாறலாம் என்று. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. செருப்பு மேல் இல்லை, அந்த ஒரு வரி மேல்.

புதுத் தோலை முகர்ந்தால் எனக்கு ஆம்பூர் தோல் கம்பெனியின் ஸ்ப்ரே ரூம்தான் ஞாபகம் வரும். பத்தாவது ஃபெயிலாகிப் போய்ச் சேர்ந்த இடம். ஸ்ப்ரே கன்னைப் பிடித்து, தோலுக்குக் கலர் அடிக்கிற வேலை. தின்னர் நெடி சட்டையில், முடியில், சோற்றில் எல்லாம் இருக்கும். பழகிவிடும் என்றார்கள். மூக்குக்குப் பழகியது. நெஞ்சுக்குப் பழகவில்லை.

இரண்டாயிரம் பிறந்த புதிது. வெளிநாட்டுப் பார்ட்டி ஒருத்தன் வெப்சைட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டான். முதலாளிக்கு ரோஷம். "கம்ப்யூட்டர் எவனுக்குடா தெரியும்?" என்றார். நான் கையைத் தூக்கினேன். பிரவுசிங் சென்டரில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்த அனுபவம்தான்.

"பேஜ் பாஸ் ஆச்சுன்னா ஆபீஸ்ல சீட்டு. ஆவலன்னா மறுபடி கன்னைப் புடி" என்றார்.

பிரவுசிங் சென்டர் சலீம் என்னோடு படித்தவன். நோட்பேடில் வெப் பக்கம் எழுதச் சொல்லிக்கொடுத்தான். டேக் என்கிற குறியைத் திறந்தால் மூட வேண்டுமாம். நான் மறந்துவிடுவேன். தலைப்புக்கு மட்டும் போட்ட தடித்த எழுத்து, கீழே போன் நம்பர் வரைக்கும் தடித்துக்கொண்டே போகும். அதெல்லாம் திட்டு வாங்கிச் சரியானது. மாட்டிக்கொண்டது நிறத்தில்.

கம்பெனிக்குப் பேர் வாங்கித் தந்த டேன் நிறம்தான் பக்கம் முழுக்க இருக்க வேண்டும் என்று முதலாளி ஒரு துண்டுத் தோல் கொடுத்தார். "இதே ஷேடு. கம்மியும் வேணாம், ஜாஸ்தியும் வேணாம்." தோலை ஸ்க்ரீனில் ஒட்டவைத்து, நிறத்தின் எண்ணை மாற்றி மாற்றி அடிப்பேன். சலீம் கடையில் அச்சாகப் பொருந்தும். ஆபீஸ் மானிட்டரில் சிவக்கும். ஆபீஸுக்குச் சரிபண்ணினால் சலீம் கடையில் பச்சை தட்டும். தோலாக இருந்தால் இன்னொரு கோட்டு அடிக்கலாம். இதில் எங்கே அடிப்பது?

"இன்னா தோஸ்த், ஒலகத்துல கீற எல்லா மானிட்டருக்கும் கோட்டிங் குடுக்கப் போறியா?" என்று சலீம் சிரித்தான்.

"பேஜார் பண்ணாத. மூடு" என்றேன்.

ஆபீஸ் மானிட்டரில் பார்க்க முதலாளி வந்தார். தோல் துண்டை வாங்கினார், கண்ணைச் சுருக்கினார். எங்கள் தொழிலில் ட்யூப்லைட்டை நம்பி ஷேடு பாஸ் பண்ண மாட்டார்கள். தோலை முற்றத்துக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள்.

"இத்த வெளிய தூக்கினு வா" என்றார்.

"எத்த பாய்?"

"அந்த டி.வி.யத்தான்."

இரண்டு பேர் தூக்கி, ஒயரை இழுத்து, முற்றத்தில் ஸ்டூல் மேல் வைத்தோம். சத்தியமாக எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நானும் ஷேடு பார்க்கிறவன்தானே. வெயில் பட்டதும் ஸ்க்ரீனில் டேன் இல்லை, ஒன்றுமே இல்லை. முதலாளியின் தாடியும் என் மூஞ்சியும்தான் தெரிந்தன.

லோடு ஏற்றுகிறவர்கள் கூடிவிட்டார்கள். "பாய், மேட்ச் எத்தினி மணிக்கு?" என்று ஒருத்தன் கேட்டான்.

முதலாளி சிரிக்கவில்லை. "வெளிச்சத்துல நிக்காத கலரு இன்னாடா கலரு? ஃபெயிலு" என்றார். கொஞ்சம் யோசித்து, "வெள்ளையாவே வுட்டுடு. பேரு, நம்பரு போடு. கலர் பாக்கணும்னா நேர்ல வரட்டும்" என்றார்.

அப்படியே செய்து நெட்டில் ஏற்றினேன். பாஸ் ஆனதாக யாரும் சொல்லவில்லை. மறுநாள் கன்னைப் பிடித்தேன். அப்புறம் பல வருஷம் பிடித்தேன்.

எப்போதாவது சலீம் கடைக்குப் போனால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். வெள்ளை. எந்த மானிட்டரிலும் ஒரே மாதிரி வெள்ளை. பிறகு சலீம் கடையை மூடிவிட்டு துபாய் போய்விட்டான். கம்பெனி கைமாறியது. முற்றத்துக்கு மேலே தகரம் போட்டுவிட்டார்கள். பக்கமும் ஒருநாள் திறக்கவில்லை. ஏன் என்று கேட்க அங்கே எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

நான் வெப்சைட் செய்தேன் என்றால் என் மகள் நம்புவதில்லை. காட்டு என்கிறாள். காட்ட ஒன்றும் இல்லை.