அப்பாவும் நானும் கழற்றி மாட்டிய மோட்டார்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. தம்பி எழுதிக் கொடுத்த குறிப்பில் "அஞ்சா நெஞ்சம் கொண்டவர்" என்று ஒரு வரி இருந்தது. அதை நான் அடித்துவிட்டேன். அப்பாவோடு பழகியவர்கள் யாராவது அதைப் படித்தால் திதிச் சாப்பாட்டுப் பந்தியிலேயே சிரித்துவிடுவார்கள். அப்பா பயந்த சுபாவம் உள்ளவர். அவருடைய மூத்த மகளாகிய நானும் அப்படித்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் பயத்தைப் பற்றித்தான் அதிகம் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பகாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில், ஆறு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினான்கு வயதில், பட்டை சீவிப் பாலெடுக்க, பால்மரம் வெட்டப் போனார். அம்மாவுக்கு அதே தோட்டத்தில் பக்கத்து நிரை மரங்கள். கல்யாணமான பிறகும் இருவரும் பக்கத்துப் பக்கத்து மரங்களைத்தான் வெட்டினார்கள். நாய், ஊசி, அரசாங்க அலுவலகம், இடி ஆகிய நான்குக்கும் அப்பா பயப்படுவார். படுக்கப் போகுமுன் அடுப்புக் கேஸை மூன்று முறை பார்ப்பார். பஸ் நிற்கும் இடம் வரை நடந்து போய்விட்டு, வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். நாங்கள் பள்ளிக்குப் போகும்போது எங்கள் சப்பாத்து வாரைக்கூட ஒருமுறை குனிந்து பார்த்துத்தான் அனுப்புவார்.

தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது வேலை போனது. பகாவ் தாமான் குடியிருப்பில் இப்போதிருக்கும் சிறிய வீட்டுக்கு வந்தோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் காக்கும் ஜாகா வேலைக்குச் சேர்ந்தார். இரவெல்லாம் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்ப்பாராம். இவரைப் போலப் பொறுப்பான ஆளைப் பார்த்ததில்லை என்று மேலாளர் மெச்சினார். வெறும் பயத்துக்கு வருடா வருடம் பரிசு வாங்கிய ஒரே ஆள் எங்கள் அப்பாதான் என்று தம்பி கேலி செய்வான். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவந்த டிரசர் மாற்றலாகிப் போகும்போது விட்டுச் சென்ற பழைய மோட்டார் அது. அதன் டாங்கி மேல் என்னை உட்காரவைத்து அப்பா தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். சைக்கிளில் வரும் ஆசிரியர் எங்களை முந்திக்கொண்டு போவார். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அதை விற்கவும் மனம் வராமல், பழுது பார்க்கவும் வழியில்லாமல், தாமானுக்கு வரும்போது லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து பின்பக்கத் தகரத்தடியில் வைத்தார். இருபத்தைந்து வருடம் அது அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது.

நான் சிரம்பானில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அங்கேயே லோபாக்கில் வாடகை அறை, சனிக்கிழமைதோறும் பகாவ் வீடு. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த காலத்தில், பழைய மோட்டாரைச் செப்பனிடும் வீடியோ ஒன்றைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, நாமும் செய்யலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். அப்பா வீடியோவை இரண்டு முறை பார்த்தார்.

"கழட்டிடலாம் பாப்பா. திரும்ப மாட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாத இரண்டு பேர் சேர்ந்து எட்டு மாதம், சனி ஞாயிறுகளில் மட்டும், அந்த மோட்டாரைக் கழற்றி மாட்டினோம். கழற்றிய சாமான்களை அப்பா நாளிதழ் விரித்து வரிசையாக அடுக்கினார். வலது ஓரத்திலிருந்து தொடங்கி, நிரையில் மரம் எண்ணுவது போல ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணுவார். கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். டாங்கியின் துருவைக் காடியும் கூழாங்கல்லும் போட்டுக் குலுக்கி எடுத்தோம். பிஸ்டன் வளையத்தைத் தலைகீழாக மாட்டி, மறுபடி கழற்றினோம். நான் முதல்முறை உதைத்து ஸ்டார்ட் செய்தபோது அப்பா ஈரச் சாக்கும் ஒரு வாளி மணலும் வைத்துக்கொண்டு மாமரத்துக்குப் பின்னால் நின்றார். புகைதான் வந்தது. பக்கத்து வீட்டார் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாமா என்று கேட்டார்கள். அதன் பிறகு மூன்று வாரம் கழித்து இன்ஜின் ஓடியது. அப்பா மணல் வாளியைக் கீழே வைக்காமலே அழுதார்.

பின்சக்கரத்தை மாட்டிய வாரம் அப்பாவுக்குக் கண் அறுவை செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. குனியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே பின்பிரேக்கை நான் தனியாகவே மாட்டினேன். பிரேக் தட்டைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் ஒரு இரும்புக் கை உண்டு. அதன் நட்டு கழன்று வராமலிருக்க ஒரு சிறிய ஸ்பிளிட் பின்னைத் துளையில் செருகி அதன் இரண்டு கால்களையும் விரித்துவிட வேண்டும். அந்தப் பின்களை லோபாக்கில் ஒரு கடையில் புதிதாக இரண்டு வாங்கி வந்திருந்தேன். ஒன்று அச்சுக்கு, ஒன்று அந்தக் கைக்கு. எல்லாம் முடிந்தபோது நாளிதழ் மேல் ஒன்றும் மிச்சமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா தெருக்கோடி வரை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். நான் கைப்பேசியில் படம் எடுத்தேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, நான் அலுவலகத்தில் இருந்தபோது அம்மா அழைத்தார். அப்பா தோட்டத்துக் கோயிலுக்கு மோட்டாரில் போனவர், செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் சாலையில் விழுந்து கிடந்தாராம். மோட்டார் கால்வாயில் கிடந்ததாம். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. நான் வந்து சேர்வதற்குள் அப்பா இல்லை. இருதயம் நின்றுவிட்டது, விழுவதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். உயிர் நல்லபடியாகப் போயிற்று என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஓர் அத்தை மட்டும், அந்த மோட்டார்தான் கொண்டுபோய்விட்டது என்று சொல்லி அழுதார். அத்தை மேல் எனக்குக் கோபமில்லை.

அப்பா போன எட்டாம் நாள் பின்பக்கத்தைக் கூட்டும்போது, நான் முட்டி போட்டு வேலை செய்த சாக்கை உதறினேன். ஒரு ஸ்பிளிட் பின் தரையில் விழுந்தது. புத்தம் புதியது. கால்கள் விரியாமல் இருந்தன.

அதைக் கையில் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். வாங்கியவை இரண்டு. அச்சில் நான் பின் செருகியது நன்றாக நினைவிருந்தது. அப்படியானால் பிரேக் கையில் செருகவில்லை. அந்த நட்டு கழன்றால் என்ன ஆகும் என்று கைப்பேசியில் தேடினேன். பிரேக்கை மிதித்ததும் தட்டு சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஓட்டுபவரைத் தூக்கி எறியும் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. மருத்துவர் சொன்னது என் காதில் இருந்து போய்விட்டது. என் அப்பாவை நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன்.

மோட்டாரை அதற்குள் யாரோ லோரியில் கொண்டுவந்து தகரத்தடியில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தூக்க எனக்குத் தைரியமில்லை. அந்தப் பின்னை என் பர்ஸில் சில்லறை வைக்கும் இடத்தில் போட்டுக்கொண்டேன். கருமக் கிரியையின்போது அது என் பையில் இருந்தது. தீபாவளி கொண்டாடாமல் இருந்தோமே, அன்றும் இருந்தது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் பின்கதவைத் திறக்கமாட்டேன். துணி காயப்போட அம்மாதான் போவார். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று அம்மா சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்று தடுத்தேன். ஏன் என்று அவர் கேட்டார். அப்பா நினைவாக இருக்கட்டும் என்றேன். அது போய்விட்டால் கடைசிவரை எனக்குத் தெரியாமலே போய்விடும், இருந்தால் ஒருநாள் தெரிந்துவிடும். இரண்டுமே பயமாக இருந்தது.

போன மாதம் ஜோகூரிலிருந்து தம்பி அழைத்தான். திதிக்கு மோட்டாரை ஓடவைக்க வேண்டும், மலருக்கும் படம் வேண்டும், அடுத்த வாரமே ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன் என்றான். முன்பின் தெரியாத ஒருவர் என் தம்பியின் முன்னால் அந்தச் சக்கரத்தைப் பார்த்து, இதில் பின் இல்லையே, யார் மாட்டியது என்று கேட்பதை நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை பர்ஸைத் திறந்து, பின்னை அம்மாவின் கையில் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. அழவும் இல்லை. "ஒரு வருசமா இத வச்சிக்கிட்டா சோறு தின்ன?" என்று கேட்டார். பிறகு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தார். நானும் பின்னாலே போனேன்.

தார்ப்பாயை அம்மாதான் இழுத்தார். காய்ந்த சேறு அப்படியே இருந்தது. நான் சக்கரத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேனே தவிர, கண்ணைத் திறக்க முடியவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று கை காட்டினேன். அம்மா குனிந்தார். டார்ச் வெளிச்சம் என் இமை மேல் பட்டுப் பட்டுப் போனது.

"நட்டு இருக்கு பாப்பா," என்றார். "கம்பி போட்டிருக்கு."

நான் கம்பி எதுவும் போடவில்லையே என்றேன். கண்ணைத் திறந்தேன். நட்டு இருக்க வேண்டிய இடத்தில் இறுக்கமாக இருந்தது. பின் போக வேண்டிய துளையில் ஒரு கம்பி நுழைந்து, இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கப்பட்டிருந்தது.

அம்மா அதை விரலால் தடவினார். "இது மங்குக் கம்பிலா," என்றார். ரப்பர் மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் தாங்குவதற்குக் கட்டும் கம்பி அது. அப்பா தோட்டத்தைவிட்டு வரும்போது ஒரு சுருள் கொண்டுவந்து வைத்திருந்தார். வேலிக்கும் குடைக்கும் வாளிக் கைப்பிடிக்கும் அதுதான். அம்மாவின் விரல் கம்பியின் நுனிக்குப் போய் நின்றது. நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. உள்பக்கமாக மடங்கி, முறுக்குக்குள் போயிருந்தது.

"கல்யாணமான புதுசுல மங்கு எடுக்கறப்ப கம்பி குத்தி என் கை கிழிஞ்சிருச்சி. அன்னியிலிருந்து என் நிரைக்கு வந்து எல்லா மரத்துக் கம்பியையும் இப்படி உள்ளார மடக்கி விடுவாரு. வேற யாரும் இப்படி மடக்க மாட்டாங்க."

அப்போதுதான் அம்மாவுக்கு ஒன்று நினைவு வந்தது. நான் சக்கரம் மாட்டிவிட்டு சிரம்பானுக்குத் திரும்பிய மறுநாள் காலை, குனியக் கூடாது என்று சொல்லியும் கேளாமல், அப்பா மோட்டாருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாராம். என்ன செய்கிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, பிள்ளை நன்றாகத்தான் மாட்டியிருக்கிறது, சும்மா பார்க்கிறேன் என்றாராம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாராம். சொன்னால் நான் பயந்துபோய் இனி மோட்டாரைத் தொடவே மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த இடத்திலேயே உட்கார்ந்து நான் அழுதேன். ஓராண்டாக அப்பாவுக்காக நான் சரியாக அழவே இல்லை என்று அன்று புரிந்தது. அத்தனை நாளும் எனக்காகப் பயப்படுவதிலேயே போயிருந்தது.

எங்கள் துயரில் பங்கெடுத்த அனைவருக்கும் நன்றி. செம்மண் சாலையில் அப்பாவை முதலில் கண்டு, தன் சட்டையைக் கழற்றி அவர் தலைக்குக் கீழே வைத்து, ஆள் வரும்வரை வெயில் படாமல் மட்டையை வெட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற செம்பனைத் தொழிலாளிக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடன்பட்டிருக்கிறது. அவர் ஊர் திரும்பிவிட்டாராம், பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. மோட்டாரை ஏற்றி வந்த லோரிக்காரருக்கும், பதினாறு நாளும் சமைத்துக் கொண்டுவந்த தாமான் பெண்களுக்கும், உண்மையைச் சொல்லியும் நான் நம்பாத அந்த மருத்துவருக்கும் நன்றி.

திதியன்று மோட்டார் வாசலில் நிற்கும். தம்பியும் மெக்கானிக்கும் அதை ஓடவைத்துவிட்டார்கள். பிள்ளைகள் ஏறி உட்காரலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பின்சக்கரத்தில் ஒரு பழைய கம்பி இருக்கும். பார்க்க அழகாக இராது. கைவேலை தெரிந்தவர்கள் யாரும் நல்லெண்ணத்தில் அதை எடுத்துவிட்டுப் புதுப் பின் போட்டுவிட வேண்டாம். அது இறுக்கமாகத்தான் இருக்கிறது. நான் மூன்று முறை பார்த்துவிட்டேன்.