பஃபலோ பேக்கரியும் ஒரு தற்காலிக விசாவும்

குடியேற்ற மனு நிலுவையில் இருக்கிறது என்பதை மட்டும் காரணமாக வைத்து ஒருவருக்கு முதலீட்டாளரின் தற்காலிக விசாவை மறுக்கக் கூடாது. அமெரிக்க விதி அப்படித்தான் சொல்கிறது. பக்கத்திலேயே இன்னொரு விதியும் உண்டு: விசாக் காலம் முடிந்ததும் புறப்பட்டுவிடுவேன் என்று விண்ணப்பதாரர் அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். அங்கேயே குடியேற ஒரு மனு, அங்கிருந்து திரும்பி வருவதாக ஒரு வாக்குறுதி. இரண்டையும் ஒரே கையால் எழுதலாம். நான் எழுதினேன்.

1998 இல் என் மகன் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நடத்திவந்த பேக்கரியை விற்று, இருந்த எல்லாவற்றையும் கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோவில் ஒரு பெரிய பேக்கரியில் போட்டான். பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் முதலீட்டாளர் குடும்பத்தோடு அங்கே குடியேற மனுச் செய்யலாம். செய்தான். அது எப்போது அசையும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை கடையை நடத்தத் தற்காலிக விசா வேண்டும். கிடைக்காவிட்டால் பாண் சுடும் போறணைகள் குளிர்ந்து கிடக்கும். விற்ற கடையும் திரும்ப வராது.

நான் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்த பிறகு ஸ்காபரோவின் மோர்னிங்சைடில் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு இருந்தேன். சட்டத்தரணி தயாரித்த விண்ணப்பத்தை நான் திருத்தினேன். அவர் தடுக்கவில்லை, கட்டணத்தைக் குறைக்கவுமில்லை.

ஆனி முடிகிற நேரம். பஃபலோவில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் பால் காய்ச்ச வேண்டும் என்று மருமகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஆடி பிறந்தா நல்ல நாளே இல்லை மாமா. ஒருக்காப் போய்க் காய்ச்சிட்டு வாறம்."

"விசா இல்லாமல் வீடு குடிபூருறதோ பிள்ளை?"

"விசா வரேக்க வரட்டும். நாள் காத்துக்கொண்டு நிக்குமே?"

ஒரு சனிக்கிழமை விருந்தாளிகளாக எல்லைப் பாலம் கடந்து போய், பாலைப் பொங்க வைத்து, சாமிப் படத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். போறணைகளைப் படம் எடுத்த அதே பிலிம் சுருளில் மிச்சம் இருந்ததால் அதையும் எடுத்தார்கள். முதலீட்டுக்குச் சான்றாக மகன் பட அல்பத்தை அடுக்கியபோது, எனக்குக் காட்டாமல், அந்தப் படங்களையும் செருகிவிட்டான். வடிவாக இருந்தனவாம்.

இலையுதிர்காலத்தில் அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் நேர்முகம். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவன் சிரித்துக்கொண்டு வந்தான்.

"என்ன கேட்டவர்?"

"பால் பொங்கிற படத்தைக் காட்டி, உது என்ன எண்டு கேட்டவர். விளக்கமாச் சொன்னன் அப்பா. பால் பொங்கினா அந்த வீட்டில நிலைச்சு இருப்பம் எண்டு."

"நிலைச்சு எண்டதுக்கு என்ன இங்கிலீஸ் போட்டனீ?"

"பெர்மனன்ற்."

அதிகாரி மரியாதையானவர். மறுக்கவில்லை. புறப்படும் எண்ணத்துக்கு மேலும் சான்று வேண்டும், கனடாவில் உங்களைத் திரும்ப இழுக்கக்கூடியது என்ன என்று எழுதிக் கேட்டார். மனுவை மட்டும் காரணமாக வைத்து மறுக்கக் கூடாது என்ற முதல் விதி இப்போது பயன்படாது. காரணம் மனு மட்டுமல்ல, பாலும்தான்.

சாப்பாட்டு மேசையில் கூடினோம்.

"கனடாவில எங்களுக்கு இனி என்ன கிடக்கு?" என்றாள் மருமகள். "வீட்டையும் விக்கப் போட்டாச்சு."

"நான் கிடக்கிறன்" என்றேன்.

மகன் நிமிர்ந்தான். "நீங்கள் எங்களோட வாறீங்கள்தானே?"

முதலீட்டாளரோடு யார் யார் போகலாம் என்ற விதியை எடுத்து வாசித்துக் காட்டினேன். மனைவி அல்லது கணவன். இருபத்தொரு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகள். அவ்வளவுதான். பெற்றவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"உது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

மருமகள் எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். கழுவ அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

அன்றைக்கே மகனின் பெயரில் அறிக்கையை எழுதினேன். என் தகப்பனார் மனைவியை இழந்தவர். ரொறன்ரோவில் தனியே வசிக்கிறார். நான் அவருக்கு ஒரே மகன். விசா முடிந்ததும் அவரிடம் திரும்புவேன். நல்ல அறிக்கை. ஒரு வாக்கியம் மட்டும் இன்னும் உண்மையாகவில்லை. பொய்யை நான் கச்சேரியிலும் இணைத்ததில்லை. பக்கத்து வோபர்னில் ஓர் ஒற்றை அறை அப்பார்ட்மென்ற் எடுத்து, குடிபோய், வாடகை ஒப்பந்தத்தைப் பின்னிணைப்பாக வைத்தேன். அதற்குப் பிறகுதான் மகன் கையெழுத்திட்டான். பேனையை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. திகதியையும் போடு என்றேன்.

பனிக்காலம் வந்தது. அவன் ஞாயிறுகளில் சாப்பாடு கொண்டுவந்தான். நாங்கள் காலநிலை பற்றிப் பேசினோம். எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும்; என்னவென்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அறையில் ஹீற்றர் நன்றாக வேலை செய்தது.

பிறகு ஒரு நாள் அவன் போன் எடுத்தான். கடவுச்சீட்டுகள் விசாவோடு திரும்பி வந்துவிட்டன என்றான். எத்தனை என்று கேட்டேன், எனக்குத் தெரிந்திருந்தும். நாலு, என்றான். அன்று 1999 பெப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை.