அசையாமல் இருக்க முடியாத தலைகள்

முடி வெட்டுகிற தொழிலில் அசையாத தலை ஒன்று கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கத்தரிக்கோல் பிடிக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் இந்த இடத்திலேயே ஒரு பெருமூச்சு விடுவார்கள். இரண்டாயிரமாம் ஆண்டுகளில் நான் மொன்ட்ரியாலில், செயின்ட்-மிஷேல் பக்கம், பாலும் பாணும் விற்கிற ஒரு டெப்பனர் கடைக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருந்தேன். ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். "இனிக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ" என்று மற்றச் சலூன்கள் அனுப்பிவிட்ட பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

சனிக்கிழமைக் கூட்டம்

மன்னாரைச் சேர்ந்த மேரி ஒரு சனிக்கிழமை தன் மகன் யூட்டைக் கூட்டி வந்தாள். ஐந்து வயது, இன்னும் கதைக்கத் தொடங்கவில்லை. முடி கழுத்துவரை இறங்கியிருந்தது. துணியைக் கழுத்தில் கட்டினேன், பிய்த்து எறிந்தான். முடி வெட்டுகிற மெஷினைப் போட்டேன், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கடை அதிரக் கத்தினான். காத்திருந்த ஒருவர், "ரெண்டு அடி போட்டால் இருப்பான்" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "செல்லம் குடுத்துப் பழுதாக்கிப்போட்டினம்" என்றார்.

நான் மெஷினை நிறுத்தி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். அவன் கத்துவதும் நின்றது. மேரி குனிந்து மகனின் சப்பாத்தைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். எனக்கு மட்டுமல்ல, கடை முழுவதற்கும் கேட்கச் சொன்னாள்: "அவனுக்கு ஓட்டிசம். இது குழப்படி இல்லை, இந்தச் சத்தம் அவன்ரை காதுக்கு நோகுது. அடிச்சால் சத்தம் குறையுமோ?"

வீட்டில் சும்மா இருந்த தலை

அவளைத் திங்கட்கிழமை வரச் சொன்னேன். அன்று கடை பூட்டு. ஆட்களும் இல்லை, ரேடியோவும் இல்லை. யூட்டைப் பார்க்கிற தெரபிஸ்ட் சொன்னதை மேரி எனக்குச் சொன்னாள். திடீரென்று எது நடந்தாலும் அவனுக்குப் பயம். அடுத்தது என்ன என்று முதலே கண்ணால் பார்த்துவிட்டால் தாங்குவான். வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது நல்லது. செய்து காட்ட ஒரு தலை வேண்டுமே! என் வீட்டில் ஒரு தலை சும்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு திங்களுக்குத் திங்கள் என் கணவர் கதிரையில் இருப்பார். துணியும் மெஷினும் கிடையாது, கத்தரிக்கோல் மட்டும். யூட் முதலில் வாசலோடு நின்றான். பிறகு கிட்ட வந்து நிலத்தில் குந்தியிருந்து பார்த்தான். ஒருநாள் எழும்பி வந்து, கத்தரிக்கோல் பிடித்திருந்த என் கையைப் பிடித்துத் தன் தலைக்குக் கொண்டுபோனான். அவனைக் கதிரையில் ஏற்றி, நெற்றியில் விழுந்த முடியை மட்டும் வெட்டினேன். மேரி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். என் கணவர் கண்ணாடியில் தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல காலம். இன்னும் ரெண்டு திங்கள் போயிருந்தால் எனக்குத் தலைமயிரே மிஞ்சியிராது."

வெள்ளை வேர்

யூட்டைப் பார்த்த பிறகு, ஓட்டிசம் என்றால் கதைக்காத பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஹரிணி வந்தாள். ஏழு வயது. தாய் வித்யா சென்னையிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவர். ஹரிணி வாய் மூடமாட்டாள். ஷாம்பூப் போத்தல்களில் உள்ள பிரெஞ்சு முழுவதையும் வாசிப்பாள். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வராது. யாராவது ஒரு போத்தலை இடம் மாற்றி வைத்தால் ஒரே அழுகை. ஒருநாள் பக்கத்துக் கதிரையில் டை அடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் போய், "ஆன்ட்டி, மேல கறுப்பா இருக்கு, வேர் வெள்ளையா இருக்கு" என்றாள். நக்கல் இல்லை, கண்டதைச் சொன்னாள். அந்த அம்மா அதோடு வேறு சலூன் பார்த்துக்கொண்டார்.

இதற்குப் பெயர் வைப்பது என் வேலை இல்லை. நான் கண்டதை மட்டும் வித்யாவிடம் சொல்லி, டொக்டரிடம் ஒருக்கால் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். "அவ கிளாஸ்லயே ஃபர்ஸ்ட், தெரியுமா?" என்று சொல்லி, பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். வாடிக்கை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த பனிக்காலத்தில் திரும்பி வந்து, குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "அன்னிக்கு உங்க மேல செம கோவம் அக்கா. டாக்டர் ஆட்டிசம்னு எடுத்துச் சொன்னப்புறம்தான் புரிஞ்சுது. அவ திமிர் பண்ணல, எங்களோட பேசத்தான் இத்தனை நாளா முயற்சி பண்ணியிருக்கா."

பிடித்த கை

யூட்டின் தகப்பன் அன்ரனுக்கு மொன்ட்ரியால்-நோரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. "ஆம்பிளைப் பிள்ளையள் கொஞ்சம் வளந்து பேந்துதான் கதைப்பாங்கள்" என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர். மேரிக்குக் காய்ச்சல் வந்த ஒரு திங்கட்கிழமை அவரே மகனைக் கூட்டி வந்தார். என் கணவர் அன்று வரவில்லை. யூட்டும் கதிரையில் ஏறவில்லை. அன்ரன் அவனைத் தூக்கி இருத்தி, இரண்டு கையாலும் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் பிடிக்கிறன், நீங்கள் கெதியா வெட்டுங்கோ அக்கா" என்றார்.

நான் கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன். "என்ரை கடையிலை ஒரு பிள்ளையையும் பிடிச்சு வெட்டிறேல்லை, தம்பி. இண்டைக்குப் பிடிச்சால் அவன் பேந்து என்னையும் நம்பான், உங்களையும் நம்பான்."

அன்ரனின் முகம் இறுகியது. ஆனால் கையை எடுத்துவிட்டார். யூட் ஓடவில்லை. வழக்கமாக இருக்கிற இடத்தில் நிலத்தில் போய் இருந்து, வெறுங்கதிரையைக் கையால் காட்டினான். முதலில் ஒரு பெரிய ஆளுக்கு வெட்டிக் காட்ட வேண்டும் என்று நான் சொல்ல, அன்ரன் ஏறி இருந்தார். வெட்டத் தொடங்கினேன். மகன் கண் எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதி வெட்டும்போது அன்ரன் மெதுவாகச் சொன்னார்: "இவன் என்னை இவ்வளவு நேரம் பார்த்தது இதுதான் முதல் தரம், அக்கா."

முதல் நன்மை

எட்டு வயதில் யூட் முதல் நன்மை, அதுதான் முதல் நற்கருணை, எடுக்கிற அன்று காலை, மாதா கோவிலுக்குப் போகிற வழியில் மூவரும் வந்தார்கள். பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை. ரொறொன்ரோவிலிருந்து சொந்தக்காரர் எல்லாம் கமராவோடு கோவிலில் காத்திருந்தார்கள். வலது பக்கம் வெட்டி முடித்து இடது பக்கம் போகிறேன், தெருவில் தீயணைப்பு வண்டி ஒன்று ஊளையிட்டுக்கொண்டு போனது. யூட் காதைப் பொத்திக்கொண்டு இறங்கி, வாசலில் போய் நின்றான். திரும்பி ஏறுகிற எண்ணம் அவனுக்கு இல்லை. ஒரு பக்கம் மாப்பிள்ளை மாதிரி, மற்றப் பக்கம் காதை மூடின காடு.

திரும்பவும் பிடித்து இருத்தப்போகிறாரோ என்று அன்ரனைப் பார்த்தேன். அவர் மகனிடம் போய்ச் சட்டையில் விழுந்த முடியை ஊதிவிட்டார். மேரி பிள்ளையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்: "ஆண்டவருக்கு ரெண்டு பக்கமும் தெரியும் அக்கா. படத்துக்கு வெட்டின பக்கமே போதும்."

மொத்தத்தில், செயின்ட்-மிஷேலிலேயே ஒரு தலையை வெட்டி முடிக்க ஆகக் கூடின நாள் எடுக்கிற சலூன் என்னுடையதுதான், அதற்காகவே நகரத்தின் மறுகோடியில் இருக்கிற ரொக்ஸ்பரோவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.