பொட்டு வைத்த ஃபில்டர்

என் மேசைக்கு எதிரே, சுவரில் ஆணியடித்து ஒரு பழைய ஏர் ஃபில்டரை மாட்டி வைத்திருக்கிறேன். கோச்சடையில் நான் நடத்தும் இந்த ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் பிள்ளையார் படத்தைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் தொங்கும் இது எதற்கு என்று கேட்காமல் போவதில்லை. ஒரு பெரிய நோட்டு அளவுக்கு மடிப்பு மடிப்பான தாளும் சுற்றிலும் ரப்பர் விளிம்பும் கொண்ட சாமான் அது. எஞ்சின் இழுக்கும் காற்றில் தூசி போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. இந்த ஃபில்டர் அந்த வேலையை அளவுக்கு மீறிச் செய்துவிட்டது. தாள் தெரியாமல் மண் அப்பிக் கிடக்கிறது. விளிம்பின் ஒரு மூலையில் காய்ந்த சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் இருக்கின்றன. குங்குமம் நிறம் மங்கிவிட்டது. ஆனாலும் யார் வைத்த பொட்டு என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

அப்போது நான் மேலூர் சாலையில் ஒரு பெரிய கார் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். பெயர்தான் பெரிசு. வருகிறவர்கள் சொல்லும் குறையைக் கேட்டு ஜாப் கார்டு என்ற தாளில் எழுதிக்கொள்வதும், வண்டியை மெக்கானிக்கிடம் விடுவதும், சாயங்காலம் கழுவித் துடைத்த வண்டியைச் சிரித்த முகத்தோடு ஒப்படைப்பதும்தான் வேலை. சித்திரை வெயிலிலும் கழுத்தில் டை கட்ட வேண்டும். ஜாப் கார்டின் பின்பக்கம் நாற்பது கட்டங்கள் இருக்கும். ஆயில் மாற்றியாயிற்றா, பிரேக் பார்த்தாயிற்றா, ஃபில்டர் மாற்றியாயிற்றா என்று ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து டிக் போட வேண்டும் என்பது விதி. எங்களில் யாரும் அப்படிப் போட்டதில்லை. முதல் கட்டத்தில் பேனாவை வைத்து, கடைசிக் கட்டம் வரை ஒரே கோடாக இழுத்துவிடுவோம். என் கோடு மற்றவர்களுடையதைவிட நேராக இருக்கும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பொட்டை வைத்த அக்கா எனக்கு அங்கேதான் பழக்கம். வாடிக்கையாளர்களை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதல் நாளே அவர், "மேடமெல்லாம் வேணாம் தம்பி, அக்கான்னே சொல்லுங்க" என்றுவிட்டார். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கி, ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து ஆறு மாணவிகளைப் பசுமலையில் இருக்கும் கல்லூரிக்குத் தினமும் கூட்டிப்போய்க் கூட்டி வருவார். அவர் வீட்டில் அதற்கு முன் யாரும் வண்டி வைத்திருந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனவர்கள். ஓட்டுவது பெண் என்பதற்காகவே அந்த ஆறு வீட்டுக்காரர்களும் தங்கள் பிள்ளைகளை அவரை நம்பி அனுப்பினார்கள்.

முதல் தடவை பானட்டைத் திறந்தபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு எல்லாரும் ஸ்டியரிங்குக்கும் பானட்டுக்கும் பொட்டு வைப்பார்கள். அக்கா பேட்டரிக்கு வைத்திருந்தார், ஆயில் மூடிக்கு வைத்திருந்தார், ஃபியூஸ் பெட்டிக்கு வைத்திருந்தார், ஸ்டெப்னி டயருக்கும் ஜாக்கிக்கும் வைத்திருந்தார். எஞ்சினுக்கு என்ன கல்யாணமா என்று கேலி செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க ஐயாவுக்கு மம்பட்டியும் அருவாளும்தான் இருந்துச்சு, அதுக்கு வச்சாரு. எனக்கு இம்புட்டுச் சாமான் வாச்சிருக்கு. ஸ்பேனர் இல்லாம கையால தொறக்க முடியிற எல்லாத்துக்கும் வச்சிருவேன்" என்றார். நான் தலையாட்டிவிட்டு ஜாப் கார்டில் கிலோமீட்டரை எழுதப் போய்விட்டேன்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை அவர் வழக்கமான சர்வீஸுக்கு வண்டியை விட்டார். ஊருக்குக் கிளம்புகிற வண்டிகளெல்லாம் அன்றைக்கு எங்கள் வாசலில்தான் நின்றன. அக்காவின் வண்டியில் ஆயிலை மாற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கைப் பாதியில் கூப்பிட்டு வேறொரு அவசர வண்டியில் போட்டார்கள். அவர் திரும்பி வந்து, விட்ட இடம் மறந்து, வண்டியைத் தண்ணீர் அடிக்கத் தள்ளிவிட்டார். நான் என் அழகான கோட்டை இழுத்தேன். வண்டியை ஒப்படைக்கும்போது, சர்வீஸ் எப்படி இருந்தது என்று கேட்டுக் கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்குப் பத்து மார்க் போடுங்கள் அக்கா என்று கேட்டுக்கொண்டேன். நீங்கள் கேட்டால் போடாமலா தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி பத்தும் போட்டிருந்தார்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். பசுமலை ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை தள்ளுகிறது, பிள்ளைகள் ஜன்னலை மூடிக்கொண்டு இருமுகிறார்கள் என்றார். நான் தனியாக ஏறி உட்கார்ந்து யார்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஆளில்லாத வண்டி, சமதரை. இழுக்காமல் என்ன செய்யும்? ஒர்க்ஸ் மேனேஜர் ஜாப் கார்டைப் புரட்டிப் பார்த்தார். ஃபில்டரெல்லாம் புதிது, ஆகவே காற்றில் குறையில்லை, கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டியிருப்பார், லேடீஸ் ஓட்டுகிற வண்டிதானே, அப்படியே எழுதிக்கொடு என்றார். நானும் எழுதினேன். "ஓட்டுநரின் தவறான பழக்கத்தால் கிளட்ச் தேய்மானம்." கையெழுத்தும் போட்டேன். அக்கா அதை இரண்டு தடவை படித்தார். "பத்துக்குப் பத்து குடுத்தேன்ல தம்பி" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதோடு சரி, வேறொன்றும் நான் செய்யவில்லை.

அந்த ஒரு வரி அவர் வீட்டில் என்ன செய்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. வண்டி புகை தள்ளுவதைப் பார்த்துப் பயந்துபோன பெற்றோர்கள் சர்வீஸ் சென்டர் என்ன சொல்கிறது என்று தாளில் எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டுநர் சரியில்லை என்று எழுதிய தாளைக் காட்டினால் மறுநாளே ஆறு பேரும் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள். அக்கா கணவரின் அண்ணன் வேறு, வண்டி வாங்கிய நாளிலிருந்தே சாவிமேல் கண்ணாக இருந்தவர், இனி நான் ஓட்டிக்கொள்கிறேன், நீ வீட்டில் இரு என்று நடுவீட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். அக்கா எழுந்து வாசலுக்கு வந்து பானட்டைத் திறந்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் அவர் வந்தபோது ஒருவரைக் கூடவே கூட்டி வந்தார். மாணவிகளில் ஒருத்தியின் அப்பா. அதிகம் பேசாத மனிதர், சட்டைப்பையில் பேனா வைத்திருந்தார். காத்திருக்கும் ஹாலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அக்கா நேராக மேனேஜரிடம் போய், போன சர்வீஸில் என்னென்ன மாற்றினீர்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். மேனேஜர் பொறுமையாக என் கோட்டைக் காட்டி ஒவ்வொன்றாக வாசித்தார். ஏர் ஃபில்டர் வந்ததும் அக்கா கையைத் தூக்கினார். "புதுசுதான? நல்லாப் பாத்துச் சொல்லுங்க." புதிதுதான் மேடம் என்றார் மேனேஜர். "அப்ப வாங்க, எல்லாரும் பாக்கத் தொறப்போம். தொறக்கிறது உங்க ஆளாவே இருக்கட்டும். நான் கை வைக்கல."

ஹாலில் இருந்தவர்கள் பாதிப் பேர் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஃபில்டர் பெட்டியைத் திறக்க ஸ்பேனர் வேண்டாம், நான்கு கிளிப்பையும் விரலால் நெம்பினால் போதும். நெம்பியவன் நான்தான். மூடியைத் தூக்கியதும் கை நின்றுவிட்டது. அடுப்புக்கரி மாதிரிக் கறுத்த தாள், அதன் விளிம்பில் சந்தனம், நடுவில் குங்குமம். தண்ணீர் அடிக்கும் இடத்தில் வேலை பார்க்கும் அம்மாதான் முதலில் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "ஆயுத பூசைக்கு நான் வச்ச பொட்டு. உங்க புது ஃபில்டர்ல எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

மேனேஜர் லேசுப்பட்டவர் இல்லை. நீங்களே பழைய ஃபில்டரைக் கொண்டுவந்து மாட்டியிருக்கலாமே மேடம் என்றார். கூட்டம் ஒருமாதிரி முணுமுணுத்தது. மாணவியின் அப்பா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அதற்கும் அக்கா தயாராகத்தான் வந்திருந்தார். "கழட்டுன பழச நீங்க எங்கிட்ட குடுக்கவே இல்லையே. மாத்தாம விட்டிருந்தா புதுசு இங்கனதான கெடக்கணும். தேடிப் பாருங்க தம்பி" என்று என் பக்கம் திரும்பினார்.

தேட வேண்டியதே இல்லை. ஸ்பேர்ஸ் கவுண்டரில் எந்தச் சாமானைக் கொடுத்தாலும் அட்டைப்பெட்டியின் மேல் வண்டி நம்பரை மார்க்கரால் எழுதித்தான் கொடுப்பார்கள். மெக்கானிக் பெஞ்சுக்கு அடியில் பிரிக்காத பெட்டி ஒன்று பொங்கலிலிருந்து கிடந்ததை நான் பார்த்திருந்தேன். ஒருநாள் கால் இடறி அதை உள்ளே தள்ளியும் விட்டிருக்கிறேன். நம்பரைக் குனிந்து பார்க்க எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை. இப்போது மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இல்லை என்று சொல் என்று அர்த்தம். எனக்கு வேலை வேண்டியிருந்தது, வீட்டில் மனைவி மாசமாக இருந்தாள். ஆனாலும் கால் நடந்துவிட்டது. பெட்டியை எடுத்து வந்து அக்காவின் வண்டி பானட்டின் மேல், நம்பர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். "இதை மாத்தவே இல்லைக்கா. நான் எதையும் பாக்காம ஒரே கோடா இழுத்துட்டேன்" என்றேன். சொல்லி முடித்தபோது உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. மனசு மட்டும் அப்படி ஒரு லேசாக இருந்தது.

அக்கா கத்தவில்லை. ஜாப் கார்டை என் முன்னால் நீட்டி, "அந்த வரிய அடிங்க தம்பி" என்றார். அடித்தேன். கீழே, ஏர் ஃபில்டர் மாற்றப்படவில்லை, தவறு எங்களுடையது, ஓட்டுநர்மேல் எந்தக் குறையும் இல்லை என்று எழுதினேன். மாணவியின் அப்பா தன் பேனாவைத் திறந்து மேனேஜரிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். மேனேஜரும் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளைப் படமெடுத்துப் பெற்றோர்கள் குழுவில் போட்டுவிட்டுத்தான் அந்த மனிதர் போனைப் பைக்குள் வைத்தார்.

புது ஃபில்டரை நானே மாட்டினேன். கல்லூரி விடும் நேரமாகிவிட்டது, வந்து பார்க்கிறீர்களா என்று அக்கா கேட்க, டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஏறினேன். மாணவியின் அப்பாவும் வந்தார். போகும்போது ஏற்றத்தில் வண்டி சத்தமில்லாமல் ஏறியது. பாரம் இல்லை, அதனால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார் அக்கா. ஆறு பிள்ளைகளையும் ஏற்றி, எங்கள் இருவரையும் மேலே இறக்கிவிட்டு, அடிவாரத்துக்குப் போய் மறுபடியும் அதே ஏற்றத்தில் வந்தார். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி கரும்புகை இல்லை. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது, பிள்ளைகள் கையை வெளியே நீட்டிக் கூச்சல் போட்டார்கள். அக்கா ஒரு கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு என்னைத் தாண்டிப் போனார், பிரேக்கே போடவில்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. என் வாழ்க்கையில் வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான், பத்திரமாக வைத்திருக்கிறேன். வேலை போகவில்லை. மாணவியின் அப்பா மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் என் பெயரை நல்லவிதமாகக் குறிப்பிட்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மறுபடியும் கம்பெனியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தபோது எட்டு மார்க் போட்டாராம். ஏன் இரண்டைக் குறைத்தீர்கள் என்று கேட்டேன். டீ ஆறிப்போயிருந்தது என்றார். கணவரின் அண்ணன் அதற்குப் பிறகு சாவிப் பேச்சையே எடுக்கவில்லை.

அன்று கழற்றிய பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது இந்தச் சுவரில் முதலில் ஏறியது அதுதான், பிள்ளையார்கூட அப்புறம்தான் வந்தார். நாற்பது கட்டமும் இங்கே உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டிக் போடுகிறேன், நேரமானாலும் பரவாயில்லை.

அக்காவுக்கு இப்போது மூன்று வண்டி. மற்ற இரண்டையும் ஓட்டுவதும் பெண்கள்தான். இன்று காலையில் மூன்றாவது வண்டியைச் சர்வீஸ் முடித்து ஒப்படைத்தேன். அக்கா பில்லைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, நேராகப் பானட்டைத் தூக்கி நான்கு கிளிப்பையும் நெம்பினார். இத்தனை வருஷப் பழக்கம் என்று ஒரு சலுகையும் கிடையாது. உள்ளே வெள்ளைத் தாள், சுத்தமான ரப்பர். குனிந்து நான்கு மூலையும் பார்த்தார்.

"பொட்டக் காணோமே தம்பி" என்றார்.

"காணோம்க்கா" என்றேன்.

சுவரில் தொங்குகிறதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டேஷ்போர்டிலிருந்து சின்னக் குங்குமச் சிமிழை எடுத்து, விரலால் தொட்டு, புது ஃபில்டரின் மூலையில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்து மூடினார். அடுத்த சர்வீஸில் நான் எழுத வேண்டிய பரீட்சை அது.