பேச்சில் யாரைக் கூப்பிடவில்லை?

புவனேஸ்வரி ரீச்சரின் இறுதிக்கிரியைக்கு வருகிற சனத்துக்கு அந்த மண்டபம் காணாது என்று நான் முதலே சொன்னேன். கார் நிறுத்த இடம் இராது என்றும் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அவரிடம் படித்தவர்கள் பனிக்குள் வரிசையாக நின்றார்கள். வரிசையின் வால் அடுத்த பகுதியான மல்வேர்ன் வரைக்கும் போயிருக்கும். ரீச்சர் இந்த நகரத்தில் பேர் எடுப்பார், அவருடைய சரித்திர வகுப்பை எவராலும் மூட முடியாது என்றெல்லாம் அப்போதே அடித்துச் சொன்னவன் நான். வேண்டுமென்றால் என்னோடு அவரிடம் படித்த சிவராசாவைக் கேளுங்கள். அவர் இல்லை என்பார். ஆனாலும் கேளுங்கள்.

செய்தியைச் சொன்னவரும் சிவராசாதான். பின்னேர வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில், "அண்ணை, ரீச்சர் மோசம் போயிட்டா. மாரடைப்பாம்" என்றார். "எந்த ரீச்சர்?" என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் இந்த நாட்டில் ஒரே ஒரு ரீச்சர்தான் என்பது கேட்டபிறகுதான் உறைத்தது. மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். சாக்குச் சொல்லிக்கொண்டு வராமல் நிற்பவர்களை ரீச்சருக்குப் பிடிக்காது.

அவரைச் சித்தியாகவும் மாமியாகவும் மட்டும் அறிந்த உறவினர்களுக்காக இதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம் ஒன்று நடந்தது. கீழே டோனட் கடை. பாடம் நடக்கும்போது சீனி வாசம் படியேறி வரும். அங்கே ரீச்சர் சரித்திரம் படிப்பித்தார். நாங்கள் காலையில் படித்துவிட்டு அப்படியே பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். நான் ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நட்டம். ரீச்சர் என்னைக் கண்ட முதல் நாளே என் மூளையைக் கணித்துவிட்டார். "அண்ணை, நீங்கள் கதைக்கிறதிலை பாதியைக் குறைச்சால் மிச்சப் பாதி நல்லாயிருக்கும்" என்றார். அப்படி ஒரு பாராட்டை நான் அதற்குப் பிறகு வாங்கியதில்லை.

அந்த வருடம் அமெரிக்காவில் புதிய ஜனாதிபதி பதவியேற்றார். ரீச்சர் அந்தப் பேச்சையும், பழைய ஜனாதிபதிகளின் பதவியேற்புரைகள் சிலவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். நான் எழும்பி, "நாங்கள் இருக்கிறது கனடா. உவன் பக்கத்து வீட்டுக்காரன்ரை பேச்சு எங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரன் சத்தம் போட்டுக் கதைச்சா எங்கடை வீட்டுக்கும் கேக்குந்தானே அண்ணை. விளங்கிக் கேட்டா நல்லதெல்லோ?"

வாக்குறுதி வருகிற வசனம் ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு போடச் சொன்னார். "இதைப் பத்திரமா வைச்சிருங்கோ. நாலு வருசத்தாலை எடுத்துப் பாப்பம்" என்றார். நாங்கள் சிரித்தோம். அடுத்த மாதம் எந்த வீட்டில் வாடகைக்கு இருப்போம் என்றே தெரியாத ஆட்கள் நாங்கள்.

அப்போதுதான் அந்த ஆபத்து வந்தது. கல்விச் சபை மேலிடத்துப் பெண்மணி ஒருவர், மெல்லிய, உயர்ந்த ஆள், ரீச்சரைக் கூப்பிட்டு, இந்த மாணவர்களுக்கு இவ்வளவு கடினமான ஆங்கிலம் தேவையில்லை, சரித்திரத்தை நிறுத்திவிட்டு விண்ணப்பப் படிவம் நிரப்பப் பழக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். தான் வந்து ஒரு பாடம் பார்த்த பிறகுதான் முடிவாம். வகுப்பு நின்றால் ரீச்சரின் வேலையும் நிற்கும். தற்காலிக வேலைதானே. ரீச்சர் எங்களிடம் ஒளிக்கவில்லை. "படிவம் நிரப்பத் தெரியவேணும், சரி. ஆனா நீங்கள் படிவம் நிரப்ப மட்டும் பிறந்த ஆக்களில்லை. அவ வரட்டும். நாங்கள் பேச்சைத்தான் படிக்கப்போறம்" என்றார். அந்தக் குரலை நான் இன்றைக்கும் கேட்கிறேன். அதில் நடுக்கம் இல்லை.

அன்று முன்னால் நின்று பேச்சை வாசிக்க ரீச்சர் என்னைத் தெரிந்தெடுத்தார். வகுப்பிலேயே நல்ல குரல் என்னுடையது. சிவராசா, "மற்றவை ஒருத்தரும் கை உயர்த்தேல்லை, அதுதான்" என்பார். விடுங்கள். அம்மணி பின்வரிசையில் பேனாவோடு இருந்தார். துப்புரவு செய்கிற போர்த்துக்கேயக்காரர் கதவோரம் வாளியோடு நின்றார். ரீச்சர் எனக்குப் பக்கத்தில், கரும்பலகையோடு.

நான் கடதாசியைக் கையில் எடுத்தேன். இந்த ஊரில் எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டங்களுக்கெல்லாம் ஒலிவாங்கி பிடிக்கிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். சபை ஒன்றின் முன்னால் நின்றால் என் வாய் தன்பாட்டில் வணக்கம் சொல்லத் தொடங்கிவிடும். கடதாசியில் இருந்ததை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்: பெருமதிப்புக்குரிய மேலதிகாரி அம்மா அவர்களே, எங்கள் ஆசிரியை அவர்களே, வகுப்புத் தோழர்களே, வாளியோடு நிற்கும் ஐயா அவர்களே...

சிவராசா மேசைக்குள் முகத்தைப் புதைத்தார். "முடிஞ்சுது, எல்லாம் முடிஞ்சுது" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஆனால் நான் நிறுத்துகிற ஆளா? ஒரு மூச்சு எடுத்து, கடைசியாகச் சொன்னேன்: "இங்கே வர முடியாமல் போனவர்களே."

அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் வர முடியாமல் போன ஆள் ஒருவர் இருந்தார்.

அம்மணி பேனாவை வைத்துவிட்டு, "இது ஜனாதிபதியின் பேச்சில் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றார் ரீச்சர். "ஏன் இல்லை என்பதுதான் இன்றைய பாடம்."

பிறகு நடந்ததுதான் பாடம். ரீச்சர் ஒவ்வொரு பேச்சாக எடுத்து, பேசியவர் முதலில் யாரைக் கூப்பிட்டார், யாரைக் கூப்பிடவில்லை என்று பார்க்கச் சொன்னார். பழைய பேச்சு ஒன்று நாட்டு மக்கள் எல்லோரையும் பார்த்துப் பேசியது. அன்றைக்கு வாக்கில்லாதவர்கள் யார், அடிமையாக நின்றவர்கள் யார் என்று கேட்டு அவர்களைக் கரும்பலகையில் எழுதினார். வழமையில் வாயே திறக்காத சிவராசா எழும்பினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "எங்கள் நாட்டு ஜனாதிபதி பதவியேற்றுப் பேசினபோது நான் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தேன். வானொலியில் நாட்டு மக்களே என்று கேட்டது. அதில் நானும் சேர்த்தியோ என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அவரும் தெரியாது என்றார்" என்று சொல்லிவிட்டு இருந்தார். துப்புரவுக்காரர் வாளியைக் கீழே வைத்தார். அவரும் ஏதோ சொன்னார். அவருடைய நாட்டிலும் அப்படி ஒரு பேச்சு இருந்ததாம்.

அம்மணி பாதிப் பாடத்தோடு போவதாக இருந்தவர், முடியும்வரை இருந்தார். சரித்திர வகுப்பு நின்றுபோகவில்லை. அடுத்த வருடம் ரீச்சரின் வேலை நிரந்தரமானது. "முதலில் யாரைக் கூப்பிட்டார்?" என்பது அவருடைய வகுப்பின் நிரந்தரக் கேள்வியும் ஆனது. அவரிடம் படித்த எவரையும் எழுப்பிக் கேளுங்கள், சொல்வார்கள்.

நாலு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை தொலைபேசி வந்தது. "அண்ணை, நாலு வருசம் முடிஞ்சுது. கோடு போட்ட கடதாசியோடை நூலகத்துக்கு வாங்கோ." நான் மறந்தே போயிருந்தேன். நிலவறைக்குள் வெள்ளம் வந்து கடதாசி போய்விட்டது என்று சொன்னேன்.

"நீங்கள் இருக்கிறது பதினோராம் மாடியெல்லோ?" என்றார் ரீச்சர். இன்னொரு பிரதி வைத்திருந்தார். பழைய மாணவர்கள் மேசையைச் சுற்றி இருந்து, எந்த வாக்குறுதி நடந்தது, எது நடக்கவில்லை என்று வரி வரியாகப் பார்த்தோம். வேலைக்களைப்பில் ஒருவர் நித்திரையாகிவிட்டார். ரீச்சர் அவரைத் தட்டி எழுப்பி, "பேசுறவன் நித்திரை கொள்ளலாம். கேட்டவன் கொள்ளக்கூடாது" என்றார்.

என் வாசிப்புக் கதையை நான் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். கலியாண வீட்டில், ஊர்ச்சங்க விருந்தில், பஸ்சுக்கு நிற்கும்போதும். ஒருமுறை விருந்தொன்றில் ரீச்சரும் அதே மேசையில் இருந்தார். ஒருவர் அவரைத் திரும்பிப் பார்த்து, "உண்மையே ரீச்சர், அண்ணையே அப்பிடிச் சொன்னவர்?" என்று கேட்டார். ரீச்சர் கறித்துண்டைப் பிய்த்துக்கொண்டே, "ஓம், அண்ணைதான் சொன்னவர்" என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சிரிக்கவில்லை.

முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற இந்த அந்தியேட்டி நினைவு மலருக்கு அவருடைய மகன் என்னிடம் ஒரு பக்கம் கேட்டார். அதற்கு மேலேயே எழுதிவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்றும் எழுதச் சொன்னார். அந்தக் கேள்வி மிஞ்சியிருக்கிறது. இப்போது எவருடைய பேச்சைக் கேட்டாலும் யார் வரவில்லை என்று மண்டபத்துக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். ரீச்சரின் கேள்வியை ரீச்சர் பற்றிய இந்தக் கதையிடமும் கேட்டுப் பார்த்தேன். அதில் ஒருவரைக் கூப்பிடாமல் விட்டிருக்கிறேன்.

அன்று வகுப்பில், வாளிக்கார ஐயாவோடு என் ஆங்கிலம் முடிந்துபோயிற்று. அப்போது பக்கத்தில் கரும்பலகையைப் பார்த்தபடி நின்ற ரீச்சர், எனக்கு மட்டும் கேட்கும்படி, தமிழில், "வர முடியாமல் போன ஆக்களையும் கூப்பிடுங்கோ அண்ணை" என்றார். அவருடைய அம்மாவுக்கு அப்போது மூன்றாவது தடவையாக விசா மறுத்திருந்தார்கள். நான் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நடந்தபடி. அந்த ஒரு வசனம் மட்டும் என்னுடையதல்ல.

ஊர்ச்சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கும் ஒலிவாங்கி என் கையில்தான். தலைவர் அவர்களே, பெரியோர்களே என்று வழமைபோலத் தொடங்குவேன். முடிக்கும்போது, இங்கே வர முடியாமல் போனவர்களே என்று சொல்வேன். சொல்லிவிட்டு, அது யாருடைய வசனம் என்று பேரையும் சொல்வேன்.